ஒரே டேட்டா ஃபோல்டர், இரண்டு போஸ்ட்கிரெஸ்: கடலூர் மீன் ஏலத்தில் ஒரு விடியற்காலை

காலை 5:20-க்கு போன் அடித்தது. முதுநகர் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதும் அக்கா. பின்னால் ஏலம் கூவுகிற சத்தம், ஐஸ் பெட்டி இழுக்கிற சத்தம், அதற்கு மேல் அவர் குரல்: “தம்பி, ரெண்டு பேரு ஒரே நம்பர் சீட்டோட வந்து நிக்கிறாங்க. ஒண்ணு வஞ்சிரம், ஒண்ணு சங்கரா. ரெண்டுலயும் 4153-னு போட்டிருக்கு. நான் யாருக்கு எந்தக் கூடைய தள்ளிவிடுறது?”

ஒரே எண்ணில் இரண்டு சீட்டு வர முடியாது. அந்த எண் எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பிரைமரி கீ, அதாவது ஒரு முறைக்கு மேல் வரவே கூடாத அடையாள எண். அரைத் தூக்கத்தில் அதைத்தான் சொன்னேன். “வராதுங்கிறீங்க, என் கையில ரெண்டும் இருக்கு” என்றார். அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்று நடந்ததையும், அதற்கு இரண்டு மாதம் முன்பே நாங்கள் போட்டு வைத்திருந்த அடித்தளத்தையும் முழுதாக எழுதி வைக்கிறேன். பல மெஷின்களில் ஆப்களைத் தானாக ஓட்டிப் பராமரிக்கும் குபர்நெட்டீஸில் டேட்டாபேஸ் ஓட்டுகிறவர்கள், குறிப்பாக ஒரே போஸ்ட்கிரெஸை நாலு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிற எங்களைப் போன்ற சின்ன ஆபீஸ்கள், இதே குழியைத் தாண்டித்தான் போகிறார்கள். பலர் விழாமல் போவது அதிர்ஷ்டத்தால்தான்.

எங்கள் ஏற்பாடு

செம்மண்டலத்தில் நாலு பேர் ஆபீஸ். பதினொரு வாடிக்கையாளர்கள். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர், மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவமனை, நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு உரக்கடை, முதுநகர் மீன் ஏலம் என்று கலவையான கூட்டம். முன்பெல்லாம் ஆபீஸிலேயே ஒரு சர்வர், யூபிஎஸ், ஒரு ஏசி. 2011-ல் தானே புயல் வந்தபோது இந்தத் தொழிலே எங்களுக்குக் கிடையாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இருந்தது. கரண்ட் போய், யூபிஎஸ் தீர்ந்து, தெருவில் தண்ணீர் நின்று, மூன்று நாள் எந்த வாடிக்கையாளருக்கும் முகம் காட்ட முடியவில்லை. அந்த வாரமே முடிவு செய்தோம்: இனி இந்த ஊரில் சர்வர் இல்லை, வெளியூர் டேட்டா சென்டரில் வாடகைக்கு மூன்று மெஷின், அதன் மேல் குபர்நெட்டீஸ்.

ஆப்களை நகர்த்துவது சுலபமாக முடிந்தது. டேட்டாபேஸ்தான் பேச்சுக்கு வந்தது. பதினொரு பேருக்குப் பதினொரு போஸ்ட்கிரெஸா, ஒன்றிலேயே பதினொரு டேட்டாபேஸா? பணத்தைப் பார்த்தோம். ஒரே போஸ்ட்கிரெஸ் 15, அதற்கு ஒரே வால்யூம் (டேட்டா இருக்கும் டிஸ்க்), உள்ளே ஆளுக்கு ஒரு டேட்டாபேஸ், ஆளுக்கு ஒரு ரோல் (உள்ளே நுழையும் பயனர் கணக்கு). எல்லா ஆப்பும் ஒரே சர்வீஸ் பெயரை (போஸ்ட்கிரெஸ் எந்த மெஷினில் இருந்தாலும் மாறாத முகவரி) வைத்து உள்ளே வரும். இந்த முடிவை இன்றும் தவறு என்று சொல்ல மாட்டேன். உரக்கடைக்கு நாளைக்கு நாற்பது பில். அதற்குத் தனி சர்வர் கொடுப்பது காசை சில்வர் பீச்சில் கொண்டுபோய் வீசுவது மாதிரி.

முதல் வாரத்திலேயே ஒரு சின்ன அடி வாங்கினோம். போஸ்ட்கிரெஸில் ஒரே நேரத்தில் எத்தனை கனெக்ஷன் என்பதற்கு இயல்பான வரம்பு 100. அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கீடு, மிச்சம் 97. எங்களிடம் 11 ஆப், ஆளுக்கு 2 பாட் (குபர்நெட்டீஸில் ஓடும் ஆப்பின் ஒரு பிரதி), ஒவ்வொரு பாட்டிலும் 10 கனெக்ஷன் பிடித்து வைக்கிற பூல். பெருக்கிப் பாருங்கள், 220. ஆபீஸ் நேரத்தில் ஆப்கள் ஒவ்வொன்றாக “இடமில்லை” என்று விழுந்தன. வரம்பை 300 ஆக்கிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் போஸ்ட்கிரெஸில் கனெக்ஷன் ஒவ்வொன்றும் தனி பிராசஸ். சும்மா உட்கார்ந்திருந்தாலும் மெமரி தின்னும். பூலைக் குறைத்து, ஒவ்வொரு ரோலுக்கும் கனெக்ஷன் வரம்பு வைத்து, அப்போதைக்கு ஒப்பேற்றினோம். பகிர்வதில் சிக்கல் என்றால் இந்த அளவுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் அப்போது செய்தோம். அதில் யாரும் சிக்கலைப் பார்க்கவில்லை. போஸ்ட்கிரெஸை மற்ற ஆப்களைப் போலவே டிப்ளாய்மென்ட் ஆக, அதாவது சொன்ன எண்ணிக்கையில் பாட்களை ஓட்டிக்கொண்டே இருக்கும் ஏற்பாடாகப் போட்டோம். ரெப்ளிகா 1, அதாவது ஒரே பாட். டேட்டா ஃபோல்டர் இருக்கும் வால்யூமுக்கு அணுகல் முறை “ரீட்ரைட்ஒன்ஸ்”. பெயரைப் படித்தால் ஒருவர்தான் எழுத முடியும் என்று தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

காப்பாற்றிய பிழையை நாங்களே நீக்கிய கதை

டிப்ளாய்மென்டில் எதையாவது மாற்றினால் அது இயல்பாக ரோலிங் அப்டேட் செய்யும். பழைய பாட்டை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்காது; புதியதைத் தொடங்கி, அது தயார் என்று சொன்ன பிறகுதான் பழையதை நிறுத்தும். கூடுதலாக 25% பாட் வரை போகலாம், மேல்நோக்கி முழுமையாக்கப்படும். குறைவாக 25% வரை இருக்கலாம், கீழ்நோக்கி முழுமையாக்கப்படும். ஒரே ஒரு ரெப்ளிகா இருந்தால் இதன் அர்த்தம்: கூடுதல் ஒன்று, குறைச்சல் பூஜ்யம். வெப் ஆப்புக்கு அருமையான ஏற்பாடு. ஒரு நொடிகூடக் கடை மூடாது.

எங்கள் போஸ்ட்கிரெஸை முதன்முறை அப்டேட் செய்தபோது புதிய பாட் வேறு மெஷினில் (குபர்நெட்டீஸ் பாஷையில் நோட்) போய் உட்கார்ந்தது. வால்யூம் பழைய மெஷினில் மாட்டியிருந்தது. “மல்டி அட்டாச்” என்று ஒரு பிழை வந்து புதிய பாட் அப்படியே நின்றது. கையால் பழைய பாட்டை அழித்தால்தான் புதியது எழும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதே தொல்லை.

எங்கள் ஆபீஸில் சின்னவன் ஒருவன் இருக்கிறான். கெட்டிக்காரன், ராத்திரிப் பறவை. அவன் ஒரு நாள் இதைச் சரிசெய்தான். “அண்ணே, ரெண்டு பாட்டும் ஒரே நோட்ல வந்தா இந்த எரர் வராது. டேட்டாபேஸ ஒரே நோட்ல கட்டிப்போட்டுட்டேன்.” பார்த்தேன். அப்டேட் வெண்ணெய் மாதிரி நழுவிப் போனது. “சூப்பர்டா” என்றேன். அந்த வார்த்தைக்கு நான்தான் பொறுப்பு, அவன் இல்லை.

அந்த மல்டி அட்டாச் பிழைதான் அதுவரை எங்கள் டேட்டாவைக் காத்துக்கொண்டிருந்தது. ரீட்ரைட்ஒன்ஸ் என்பதில் அந்த “ஒன்று” குறிப்பது ஒரு மெஷினை, ஒரு பாட்டை அல்ல. ஒரே மெஷினில் எத்தனை பாட் வந்தாலும் அந்த வால்யூமை எல்லாரும் மாட்டிக்கொள்ளலாம், எல்லாரும் எழுதலாம். ஒரு பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்த “ரீட்ரைட்ஒன்ஸ்பாட்” என்று தனியாக இன்னொரு முறை இருக்கிறது, குபர்நெட்டீஸ் 1.22-ல் சோதனையாக வந்து 1.29-ல்தான் நிலைபெற்றது. புதியது வந்தபோதே பழைய பெயரில் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று தெரிகிறது.

நாங்கள் நோடைக் கட்டிப்போட்டது ஏப்ரல் கடைசியில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள் கொண்டுவருவதுதான் ஏலம். டேட்டாபேஸில் எழுத்து வேலை மிகக் குறைவு. அந்த இடைவெளியில் நாலைந்து முறை அப்டேட் செய்தோம். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நிமிடம் இரண்டு போஸ்ட்கிரெஸ்கள் ஒரே ஃபோல்டர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த நிமிடங்களில் யாரும் எழுதாததால் யாருக்கும் வலிக்கவில்லை. எங்களுக்கு நம்பிக்கை மட்டும் வளர்ந்தது.

4:52

தடைக்காலம் முடிந்து நாலாவது நாள். விசைப்படகுகள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. ஏலத்தில் எட்டு டேப்லெட் ஓடுகிறது. மருத்துவமனையின் மாதாந்திர ரிப்போர்ட் இரண்டு நாளாகப் பாதியில் விழுந்துகொண்டிருந்தது. பிழைச் செய்தி மெமரியைப் பற்றி ஏதோ சொன்னது. சின்னவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, போஸ்ட்கிரெஸ் பாட்டின் மெமரி வரம்பைக் கூட்டி, 4:52-க்கு மாற்றத்தை ஏற்றினான். பிறகு கேட்டபோது சொன்னான்: “நாலரை மணிக்கு யாருண்ணே இருக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.”

ஆபீஸ்காரனுக்கு அது நடுச்சாமம். மீன்காரர்களுக்கு அது உச்சி வெயில். துறைமுகத்தில் நாளின் மொத்த வியாபாரத்தில் பாதி அந்த நேரத்தில்தான் நடக்கும். பதினொரு பேர் பகிர்ந்துகொள்கிற ஒரு டேட்டாபேஸில் “யாரும் இல்லாத நேரம்” என்று ஒன்று கிடையாது என்பதை மருத்துவமனைக்காகச் செய்த மாற்றம் மீன் ஏலத்தின் தலையில் விழுந்தபோது தெரிந்துகொண்டோம்.

லாக்குகளை வைத்துப் பிறகு கோத்த வரிசை இது. 4:52:30-க்கு அதே மெஷினில் புதிய போஸ்ட்கிரெஸ் பாட் எழுந்தது, அதே ஃபோல்டரைத் திறந்தது. தயார்நிலைச் சோதனையை ஒரு நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கும்படி வைத்திருந்தோம். ஆகவே 4:53:40 வரை சர்வீஸ் எல்லாரையும் பழையதற்கே அனுப்பியது. அதன்பின் பழையதற்கு “நிறுத்து” சிக்னல் போனது.

அங்கே இன்னொரு சனியன் காத்திருந்தது. போஸ்ட்கிரெஸுக்கு நிறுத்தச் சொல்லும் சிக்னல்கள் ஒன்றல்ல. சிக்டெர்ம் வந்தால் அது மரியாதையாக நிற்கும்: புதியவர்களை உள்ளே விடாது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தாமாக வெளியேறும்வரை காத்திருக்கும். சிக்இன்ட் வந்தால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு ஒழுங்காக மூடும். டாக்கரின் அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜ் (பாட்டுக்குள் ஓடத் தயாராகக் கட்டிவைத்த பொதி) சிக்இன்டைத்தான் வைத்திருக்கிறது. நாங்கள் சில எக்ஸ்டென்ஷன்களுக்காகச் சொந்தமாக இமேஜ் கட்டியபோது அந்த ஒரு வரி விட்டுப்போனது. ஆகவே போனது சிக்டெர்ம். ஆப்பின் பூல் கனெக்ஷன்களை விடவே விடாது. பழைய போஸ்ட்கிரெஸ் அவர்களுக்காக மரியாதையாகக் காத்திருந்தது. “டேட்டாபேஸ் ஆச்சே, நிதானமா மூடட்டும்” என்று நான்தான் 30 நொடிக் கெடுவை 120 ஆக்கியிருந்தேன். முழு இரண்டு நிமிடமும் அது ஏலச் சீட்டுகளை எழுதிக்கொண்டே இருந்தது. 4:55:40-க்குத் தலையில் அடித்து நிறுத்தப்பட்டது.

மூன்று நிமிடம் பத்து நொடி. அதில் கடைசி இரண்டு நிமிடம் பூலில் பழைய கனெக்ஷன் கிடைத்த சீட்டு பழைய போஸ்ட்கிரெஸுக்கும், காலாவதியாகிப் புதிதாகத் திறந்த கனெக்ஷனில் போன சீட்டு புதியதற்கும் போனது. இரண்டும் ஒரே ஃபோல்டரில், ஒரே டபிள்யூஏஎல் கோப்புகளில் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு), ஒன்றையொன்று தெரியாமல்.

32 என்ற எண்

5:35-க்கு டேட்டாபேஸை நிறுத்தினேன். ஏலத்துக்கு “கையால எழுதுங்க” என்று சொல்லிவிட்டேன். முதல் சந்தேகம் டிஸ்க் மேல். வாடகை கொடுப்பவரின் டிஸ்க்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டி ஒன்றரை மணி நேரம் வீணடித்தேன். தன் வீட்டுக் கோளாறுக்குப் பக்கத்து வீட்டைப் பார்ப்பது மனித சுபாவம்.

லாக்கில் ஒரு வரி மட்டும் உறுத்தியது. 4:52-க்கு எழுந்த போஸ்ட்கிரெஸ், டேட்டாபேஸ் ஒழுங்காக மூடப்படவில்லை, மீட்பு வேலையைத் தானாகத் தொடங்குகிறேன் என்று எழுதியிருந்தது. மூடப்படவில்லை என்பது உண்மைதான். மூடவே இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது புரியவில்லை. ஏதோ கிராஷ் ஆகி எழுந்தது என்றே படித்தேன்.

முடிச்சு அவிழ்ந்தது சீட்டு எண்களில். அக்காவிடம் அந்த நேரத்து எண்களை வாசிக்கச் சொன்னேன். 4117 வரை ஒழுங்கு. பிறகு 4118, 4119 என்று ஒரு வரிசை போகிறது. நடுவிலேயே 4150, 4151 என்று இன்னொரு வரிசை ஆரம்பிக்கிறது. இரண்டும் மாறி மாறி. முதல் வரிசை 4156-ல் நின்றுவிட்டது. இரண்டாவது தொடர்கிறது. 4150 முதல் 4156 வரை ஏழு எண்களுக்கு இரண்டிரண்டு சீட்டு.

4117-க்கு அடுத்து 4150. இடையில் 32 எண்.

போஸ்ட்கிரெஸில் வரிசை எண் கொடுக்கும் சீக்வென்ஸ் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக டபிள்யூஏஎல்லில் எழுதாது. 32 எண்களை முன்கூட்டியே எழுதிவிட்டு உள்ளே எண்ணிக்கொண்டு போகும். கிராஷ் ஆகி மீண்டு எழுந்தால் எழுதிவைத்த எல்லைக்கு அப்பாலிருந்து தொடங்கும். பில் எண் தாவுவதற்கு இதுதான் காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆக 4150-ல் தொடங்கியது மீட்பு வேலை முடித்து எழுந்த போஸ்ட்கிரெஸ். அப்படியானால் 4118-லிருந்து கொடுத்தது யார்? கிராஷே ஆகாத இன்னொன்று. இரண்டு எஜமான்கள் ஒரே வீட்டில்.

சின்னவன் முகம் வெளுத்துவிட்டது. “ஆனா அண்ணே, போஸ்ட்கிரெஸ் விடாதே. ஒரே ஃபோல்டர்ல ரெண்டாவது ஸ்டார்ட் பண்ணா லாக் ஃபைல் இருக்குன்னு திட்டுமே?”

திட்டும். அவன் கேட்டது சரியான கேள்வி.

முதல் வரியில் 1

போஸ்ட்கிரெஸ் எழும்போது டேட்டா ஃபோல்டரில் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி என்று ஒரு சின்னக் கோப்பை வைக்கும். முதல் வரியில் தன் பிராசஸ் எண். இன்னொன்று வந்தால் அந்தக் கோப்பைப் படித்து, அந்த எண்ணில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கும். இருந்தால் வாசலிலேயே நின்றுவிடும். கூடவே, பழையவர் பிடித்து வைத்திருக்கும் ஷேர்டு மெமரி (அவருடைய பிராசஸ்கள் பொதுவாகப் பயன்படுத்தும் மெமரி) இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்கும். இரட்டைப் பூட்டு. சாதாரண மெஷினில் இது உடைந்து நான் பார்த்ததில்லை.

ஆபீஸ் லேப்டாப்பில் டாக்கர் வைத்து, ஒரே வால்யூமை இரண்டு கன்டெய்னருக்கு (பாட்டுக்குள் ஆப் ஓடும் தனிப் பெட்டி) கொடுத்துப் பார்த்தோம். இரண்டும் சிரித்த முகத்தோடு எழுந்தன. கோப்பைத் திறந்தோம். முதல் வரியில் 1.

கன்டெய்னருக்குள் முதலாவதாக ஓடும் பிராசஸின் எண் எப்போதும் 1. முதல் போஸ்ட்கிரெஸ் தன்னை 1 என்று எழுதிவைத்தது. இரண்டாவது வந்தது, கோப்பைப் படித்தது, 1 என்று இருக்கிறது. தன் எண்ணும் 1. ஓகோ, இது நானே முன்பு விட்டுப்போன கோப்பு, பழசு, தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தது. மெஷின் ரீபூட் ஆகி அதே எண் தனக்கே கிடைக்கும் சந்தர்ப்பத்துக்காக வைத்த நியாயமான விதி அது. இரண்டாவது பூட்டும் பயன்படவில்லை: ஒவ்வொரு பாட்டுக்கும் ஷேர்டு மெமரி தனி உலகம், பழையவருடையது புதியவர் கண்ணுக்கே தெரியாது. இதோடு இன்னொரு காவலும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பைத் திரும்பப் படித்து, வேறு யாராவது தன் எண்ணை அழித்து எழுதியிருந்தால் உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும். பழையது படித்துப் பார்த்தது. 1. சரி, நான்தான்.

மூன்று காவலர்கள், இருவரை ஒரே ஒற்றை இலக்கம் ஏமாற்றியது, ஒருவருக்குக் கண்ணே தெரியவில்லை. கேட்டில் ஆதார் காட்டச் சொன்னால் உள்ளே வருகிற எல்லாருக்கும் ஒரே எண் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான். போஸ்ட்கிரெஸ் மேலும் குற்றமில்லை, குபர்நெட்டீஸ் மேலும் குற்றமில்லை. இரண்டும் தன் தன் ஆவணத்தில் சொன்னபடியே நடந்துகொண்டன. இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் நாங்கள்.

டேட்டாபேஸைப் பகிரலாம். பதினொரு பேர் என்ன, நூறு பேருக்கும் பகிரலாம். ஆனால் பகிர்வது வாசலில் நடக்க வேண்டும்: கனெக்ஷன் வழியாக, ரோல் வழியாக, சர்வீஸ் வழியாக. உள்ளே நெல் குதிருக்கு ஒரே கைதான். நாங்கள் வாசலில் கனெக்ஷன் எண்ணிக்கொண்டிருந்தபோது கொல்லைப்புறத்தில் குதிருக்கு இரண்டு பேர் கை வைத்தார்கள்.

தேற்றியது

எதையும் தொடுவதற்கு முன் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தோம். இதை மட்டும் அன்று ஒழுங்காகச் செய்தோம். டபிள்யூஏஎல்லை ரீசெட் செய்துவிடலாம் என்று கை பரபரத்தது. நகல் இல்லாமல் அதைச் செய்திருந்தால் இருந்த தடயமும் போயிருக்கும்.

கையில் இருந்தது ராத்திரி 1 மணிக்கு எடுத்த டம்ப், அதாவது டேட்டாபேஸின் பேக்கப். டபிள்யூஏஎல் ஆர்க்கைவ் வைத்திருக்கவில்லை. இருந்திருந்தால் 4:52-க்கு முந்தைய நொடிக்கே திரும்பியிருக்கலாம். புதிய போஸ்ட்கிரெஸில் டம்ப்பை ஏற்றி, 1 மணிக்குப் பிறகு வந்த வரிசைகளைச் சேதமான நகலிலிருந்து இன்டெக்ஸை (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) தொடாமல் நேரடியாகப் படித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். போஸ்ட்கிரெஸ் 14-ல் வந்த பிஜி_ஏஎம்செக் என்ற சோதனைக் கருவி எந்தெந்த அட்டவணையும் இன்டெக்ஸும் ஒத்துப்போகவில்லை என்று காட்டியது. டேட்டா செக்சம் (பக்கம் கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்குமே என்று ஒரு நண்பர் கேட்டார். தெரிந்திருக்காது. இரண்டு போஸ்ட்கிரெஸ்களும் தாங்கள் எழுதிய பக்கத்துக்குச் சரியான செக்சம்தான் போட்டிருக்கும். ஒவ்வொரு பக்கமும் தன்னளவில் யோக்கியம். சேர்த்துப் படித்தால்தான் பொய்.

டபிள்யூஏஎல்லும் டிரான்சாக்ஷன் நிலைக் குறிப்பும் டேட்டாபேஸுக்குத் தனித்தனியாக இல்லை, மொத்த சர்வருக்கும் ஒன்றுதான். ஆகவே அந்த மூன்று நிமிடத்தில் ஒரு வரிகூட எழுதாத உரக்கடையின் டேட்டாபேஸும் சந்தேகத்துக்குரியதுதான். பதினொன்றையும் சோதித்தோம். பகிர்ந்து வைத்திருப்பதன் இந்த விலையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: ஒருவர் வீட்டில் தீப்பிடித்தால் பதினொரு வீட்டையும் காலி செய்து பார்க்க வேண்டும்.

பழைய போஸ்ட்கிரெஸ் அந்த மூன்று நிமிடத்தில் கொடுத்தவை 39 சீட்டு. அதில் 11 மட்டும் அட்டவணையில் இருந்தன. அந்தப் பதினொன்றில் மூன்று, பிரைமரி கீயையும் மீறி, அதே எண்ணுள்ள இன்னொரு வரிசையோடு ஜோடியாக நின்றன. 28 எங்கேயும் இல்லை.

அந்த 28-ஐ மீட்டது நோட்டுப் புத்தகம். டேப்லெட் வந்த பிறகும் ஏன் நோட்டு எழுதுகிறீர்கள் என்று ஆரம்பத்தில் நான் அக்காவிடம் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் இளக்காரமாகவே. அவர் ஈரக் கையைக் காட்டினார். மீன் தண்ணீர் பட்ட விரலுக்கு டச் ஸ்கிரீன் பாதி நேரம் கேட்காது; கேட்காத நேரத்தில் ஏலம் நிற்காது. அதனால் முதலில் நோட்டில், கை துடைத்த பிறகு டேப்லெட்டில். பால்பாயின்ட் பேனா, பிளாஸ்டிக் உறை போட்ட நீள நோட்டு, படகு, மீன், எடை, விலை, எடுத்தவர் பெயரின் முதல் எழுத்து. எட்டு மேசையில் ஆறு மேசை இப்படி எழுதுகிறது. இரண்டு மேசைப் பையன்கள் டேப்லெட்டை மட்டும் நம்புகிறவர்கள். நோட்டிலிருந்து 24 கிடைத்தது. மிச்சம் 4 சீட்டுக்கு, மீன் எடுத்துப்போன அம்மாக்களைத் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் போய்த் தேடினோம். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தெர்மல் சீட்டு நாலும் கிடைத்தது. ஒன்று மட்டும் ஈரத்தில் பாதி அழிந்திருந்தது. எடையை அந்த அம்மாவே சொன்னார், படகுக்காரர் ஒப்புக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்கு ஏலம் டேட்டாபேஸ் முழுமையானது. படகுக்காரர்களுக்குச் சாயங்காலம்தான் பணம் பட்டுவாடா, அந்த வகையில் தப்பித்தோம்.

இப்போது எப்படி

அன்று மாலையே டிப்ளாய்மென்டைத் தூக்கிவிட்டு ஸ்டேட்ஃபுல்செட் போட்டோம். அது பழைய பாட் முழுதாகப் போன பிறகுதான் அதே பெயரில் புதியதை எழுப்பும். குபர்நெட்டீஸின் ஆரம்பக் காலத்தில் இதற்குப் பெட்செட் (பெட் என்றால் செல்லப்பிராணி) என்று பெயர், 1.5-ல் மாற்றினார்கள், 1.9-ல் நிலைபெற்றது. பெயர் தெரியாத மந்தை ஆடு வேறு, பெயர் வைத்து வளர்க்கும் நாய் வேறு என்ற எண்ணத்தில் வந்த பெயர். டேட்டாபேஸ் அந்த இரண்டாவது ரகம். அப்டேட்டின்போது அரை நிமிடம் கடை மூடியிருக்கும், மெஷினே செத்துப்போனால் பழைய பாட் போய்விட்டது என்று உறுதியாகும்வரை புதியது எழாது. இந்தக் காத்திருப்பை வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். மூன்று நிமிட இரட்டை ஆட்சியை விட அரை நிமிட மூடல் எவ்வளவோ மேல். அதற்கு மேல் வால்யூமையும் ரீட்ரைட்ஒன்ஸ்பாட் ஆக்கினோம். இமேஜில் அந்தச் சிக்இன்ட் வரியும் போட்டாயிற்று.

பகிர்வையும் பிரித்தோம். ஏலத்துக்கும் மருத்துவமனைக்கும் தனித்தனி போஸ்ட்கிரெஸ், இருவரின் நேரமும் வேறு, பசியும் வேறு. மிச்சம் ஒன்பது பேர் ஒரே சர்வரில்தான் இருக்கிறார்கள், முன்னால் கனெக்ஷன்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் பிஜிபவுன்சர். ஒவ்வொரு டேட்டாபேஸிலும் “எல்லாருக்கும்” என்று இயல்பாக இருக்கும் கனெக்ட் உரிமையைப் பறித்து, உரியவருக்கு மட்டும் கொடுத்தோம். அதுவரை முந்திரிக்காரரின் ரோலால் உரக்கடை டேட்டாபேஸில் நுழைய முடிந்திருக்கிறது. டபிள்யூஏஎல் ஆர்க்கைவ் வெளியே ஒரு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்குப் போகிறது. தனித்தனி வால்யூமோடு ரெப்ளிகா வைத்து போஸ்ட்கிரெஸைத் தானாகப் பராமரிக்கும் கிளவுட்நேட்டிவ்பிஜி போன்ற ஆபரேட்டருக்கு மாறுவதை அடுத்த தடைக்காலத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஏலத்தின் நிறுத்த நேரம் இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறது: காலை 11-க்கு மேல், மாலை பட்டுவாடாவுக்கு முன்.

மருத்துவமனை ரிப்போர்ட்டை மறந்துவிட்டோம். எல்லாம் அடங்கிய மறுநாள் சின்னவன் அந்தப் பிழைச் செய்தியை முழுதாகப் படித்தான். ஷேர்டு மெமரித் துண்டைப் பெரிதாக்க முடியவில்லை, இடமில்லை என்று இருந்தது. கன்டெய்னருக்கு இயல்பாகக் கிடைக்கும் ஷேர்டு மெமரிப் பகுதி 64 எம்பி. பெரிய ரிப்போர்ட்டை போஸ்ட்கிரெஸ் நாலு கையாகப் பிரித்துச் செய்யும்போது அது போதாது. பாட்டின் மெமரி வரம்பை எவ்வளவு கூட்டினாலும் அந்த 64 அப்படியேதான் இருக்கும். மெமரியில் ஒரு காலி வால்யூம் செய்து அந்த இடத்தில் மாட்டினான். ஆறு வரி. ரிப்போர்ட் நாற்பது நொடியில் வந்தது.

“அப்போ அன்னிக்கு நான் போட்ட மாத்தம் தேவையே இல்லையாண்ணே?” என்றான்.

இல்லைதான். டீ குடிக்கப் போனோம்.